மிஞ்சிய இருவர்

2020 மார்ச் 5ஆம் தேதி எலிசபெத் வாரன் போட்டியிலிருந்து விலகினார். அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகும் வாய்ப்புடன் அதன்பின் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: 77 வயதான ஜோ பைடன், 78 வயதான பெர்னி சாண்டர்ஸ். துளசி கபார்ட் மார்ச் 19 வரை களத்தில் இருந்தார் என்றாலும் அவர் பக்கம் இருந்த பேராளர்கள் இருவர் மட்டுமே. ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸும் விலகியதோடு போட்டி முடிந்தது. ஆறு பெண்கள் களமிறங்கிய தேர்தல் அது. அதற்கு முன் எந்தப் பெரிய கட்சியிலும் இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் போட்டியிட்டதில்லை. கடைசியில் அது எழுபதைத் தாண்டிய இரு வெள்ளை ஆண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையாகச் சுருங்கியது.

அப்படிச் சுருங்கிய நேரத்தில் ஒரு பெண்ணியவாதிக்கு இரண்டு சுலபமான வழிகள் திறக்கின்றன. இருவரும் ஆண்கள்தானே, யார் வந்தால் என்ன என்று ஒதுங்கிவிடுவது ஒன்று. இப்போதைக்கு டிரம்பைத் தோற்கடிப்பவர் வரட்டும், நம் கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று அடங்கிவிடுவது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. மிஞ்சியவர்களை எடைபோட்டே ஆகவேண்டும். அதற்கான எடைக்கற்கள், வெளியேறிய பெண்கள் விட்டுச்சென்ற திட்டங்களிலும் அவர்களை வெளியேற்றிய காரணங்களிலும் கிடக்கின்றன. எனக்கு அந்த நாட்டில் வாக்கு இல்லை. ஆனால் ‘ஜெயிக்கிற ஆளைப் பார்’ என்ற ஒரே வாக்கியத்தில் பெண்களின் கோரிக்கைகள் ஓரங்கட்டப்படுவதை எந்த நாட்டில் கண்டாலும் அதைக் கூர்ந்து படிப்பது நமக்குப் பயன்படும்.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல் நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு. இங்கே வேட்பாளர்களைத் தலைமை அறிவிக்கும். அங்கே மாநிலம் மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்களே வாக்களித்துப் பேராளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். 2020இல் முதல் சுற்றிலேயே வெல்ல 1,991 பேராளர்கள் தேவை. ஒரு மாநிலத்தில் அல்லது அதன் தொகுதியில் 15 சதவீத வாக்குகூடப் பெறாதவருக்கு அங்கே பேராளர் கிடையாது. எனவே தொடக்கத்திலேயே பின்தங்குகிறவர் பணமும் செய்தி வெளிச்சமும் இழந்து வேகமாக வெளியேறுவார். அந்தத் தொடக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெற்றிவாய்ப்பு குறித்த பேச்சு.

2019 ஜூனில் இப்சோஸ் நிறுவனம் டெய்லி பீஸ்ட் இதழுக்காக ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ஒரு பெண் அதிபராவதில் தங்களுக்குத் தயக்கமில்லை என்றவர்கள் 74 சதவீதம். தங்கள் அக்கம்பக்கத்தாருக்கும் தயக்கம் இருக்காது என்று நம்பியவர்கள் வெறும் 33 சதவீதம். அதே காலத்தில் நடந்த வேறொரு கணிப்பில், யாருக்கு வாக்களிப்பீர்கள் என்ற கேள்விக்கு பைடன் முதலிடம் பெற்றார். தேர்தலே இல்லாமல் மந்திரக்கோலால் ஒருவரை அதிபராக்கலாம் என்றால் யாரை ஆக்குவீர்கள் என்று கேட்டபோது வாரன் முன்னுக்கு வந்தார்.

இந்த இரண்டு கணிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் வெற்றிவாய்ப்பு என்பதன் உள்ளடக்கம் தெரிந்துவிடுகிறது. தனக்கு வேண்டியதைக் கேட்காமல், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று யூகித்து அந்த யூகத்துக்கு வாக்களிப்பதுதான் அது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் வளர்க்கப்படும் பெண்களுக்கு இது புதிதல்ல. அந்த நாலு பேரும் வேறு நாலு பேரைப் பற்றி இதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இந்த அச்சத்துக்கு 2016 தோல்வி உரமிட்டது. ஹிலாரி கிளின்டன் டிரம்பைவிடச் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும், மாநில வாரியான வாக்காளர் குழு முறையால் தோற்றார். நினைவில் தங்கியது ‘பெண் தோற்றாள்’ என்பது மட்டுமே. 2020 ஜனவரி 14 அன்று அயோவாவில் நடந்த விவாதத்தில் வாரன் இதற்குக் கணக்கு சொன்னார்: மேடையில் நிற்கும் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து பத்துத் தேர்தல்களில் தோற்றிருக்கிறார்கள், நின்ற தேர்தல்களிலெல்லாம் வென்றவர்கள் தானும் ஏமி க்ளோபுச்சரும்தான். அரங்கம் கைதட்டியது. வாக்கு நகரவில்லை.

அதே விவாதத்தில் இன்னொன்றும் நடந்தது. 2018இல் தனிப்பட்ட சந்திப்பு ஒன்றில், ஒரு பெண்ணால் வெல்ல முடியாது என்று சாண்டர்ஸ் தன்னிடம் சொன்னதாக வாரன் கூறியிருந்தார், சாண்டர்ஸ் மறுத்தார். மேடையிலும் அவர் மறுத்த மறுநொடியே நெறியாளர் வாரன் பக்கம் திரும்பி, அவர் அப்படிச் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். மூடிய அறைக்குள் என்ன பேசப்பட்டது என்பதை இருவரைத் தவிர யாரும் அறியார். ஆனால் அதன்பின் சில நாட்கள் அந்தப் போட்டியில் பேசப்பட்டது இது ஒன்றே. ஒரு பெண்ணால் வெல்ல முடியுமா என்ற கேள்வியை யார் கிளப்பினாலும் அதன் சுமை பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது.

வாரன் வீழ்ந்ததற்கு ஆணாதிக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தன் பூர்வகுடி வம்சாவளியை நிரூபிக்க மரபணுச் சோதனை செய்து, செரோக்கி மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு ஆளானார். கறுப்பின வாக்காளர்களிடம் அவரால் பெரிதாக வேர்பிடிக்க முடியவில்லை. சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே மூன்றாவது இடம்தான். இவற்றையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பிப்ரவரி 19 அன்று லாஸ் வேகஸ் மேடையில், 50 கோடி டாலரை நோக்கிச் செலவழித்துக்கொண்டிருந்த மைக்கேல் புளூம்பெர்க்கை வீழ்த்தியவர் வாரன். அவருடைய நிறுவனத்தில் புகார் சொன்ன பெண்களின் வாயை ஒப்பந்தம் போட்டு அடைத்தது ஏன் என்று விடாமல் கேட்டார். இரண்டு நாளில் மூன்று பெண்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பதாக புளூம்பெர்க் அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்தில் அவரும் விலகி, தன் ஆதரவை பைடனுக்கு அளித்தார். களை எடுத்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர்.

பைடனின் கணக்கு

பைடனை எடைபோட 1991 அக்டோபருக்குப் போகவேண்டும். உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ், தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாகச் சட்டப் பேராசிரியர் அனிதா ஹில் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். குழுவில் இருந்த 14 பேரும் வெள்ளை ஆண்கள். தலைவர் பைடன். ஹில்லை ஆதரித்துச் சாட்சி சொல்லக் காத்திருந்த மற்றொரு பெண் நேரில் அழைக்கப்படவேயில்லை. தாமஸ் 52க்கு 48 என்ற வாக்குகளில் நீதிபதியானார். 2019இல் போட்டியில் இறங்குவதற்கு முன் பைடன் ஹில்லைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். அந்தப் பேச்சு தனக்குப் போதுமானதாக இல்லை என்று ஹில் வெளிப்படையாகவே சொன்னார்.

அடுத்தது ஹைட் திருத்தம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக்கூடாது என்று 1976இல் கொண்டுவரப்பட்ட விதி இது. சட்டம் உரிமையைத் தந்தது. இந்த விதி அதை வசதியுள்ளவர்களின் உரிமையாக்கியது. 1977இல் டெக்சாஸ் மாநிலத்தின் மெக்காலன் பகுதியில் ரோஸி ஹிமெனஸ் என்ற 27 வயதுத் தாய், படித்துக்கொண்டிருந்த மாணவி, மலிவான, பாதுகாப்பற்ற கருக்கலைப்பினால் இறந்தார். ஹைட் திருத்தத்தின் முதல் பலியாகப் பெண்கள் இயக்கம் இன்றும் அவரை நினைவுகூர்கிறது. இந்த விதியை பைடன் பல பத்தாண்டுகள் ஆதரித்தார். 2019 ஜூன் 5 அன்றுகூட அவருடைய பிரசாரக் குழு அதை உறுதிசெய்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்.

மறுபக்கமும் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தை 1990இல் முன்மொழிந்து, 1994இல் நிறைவேறும்வரை விடாமல் நின்றவர் பைடன். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தேசிய உதவித் தொலைபேசியும் புகலிடங்களுக்கான நிதியும் அந்தச் சட்டத்தின் வழியே வந்தவை. ஆனால் அது இடம்பெற்ற பெரிய குற்றவியல் சட்டம், கறுப்பின இளைஞர்களைச் சிறைகளில் குவித்ததற்காகக் கடுமையாக விமர்சிக்கப்படுவது. தாயைக் காத்த அதே சட்டம் மகனை உள்ளே தள்ளியது என்று கறுப்பினப் பெண்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

மூன்றாவது, கடன். 2005இல் திவால் சட்டம் கடுமையாக்கப்பட்டபோது பைடன் அதன் முக்கிய ஆதரவாளர். அதை எதிர்த்துச் செனட் குழு முன் அவரோடு நேருக்கு நேர் வாதிட்டவர் அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த வாரன். கடனில் மூழ்கும் பெண்கள் ஊதாரிகள் என்ற எண்ணம் பொய், அவர்களில் மிகப் பலர் குழந்தை வளர்க்கும் தாய்மார்கள் என்று 2003இல் மகளோடு சேர்ந்து எழுதிய நூலில் அவர் காட்டியிருந்தார். வாரன் போட்டியிலிருந்து விலகிய பத்து நாளுக்குள், 2020 மார்ச் நடுவில், பைடன் வாரனின் திவால் சட்டத் திட்டத்தைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டார். தான் ஆதரித்த சட்டத்தை மாற்றும் திட்டம் அது.

இவற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் பைடன் இவர்: தானாக முன்னால் போகமாட்டார், தள்ளினால் நகர்வார். அது குறைதான். ஆனால் தள்ளினாலும் நகராத அரசியல்வாதிகளோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களுக்கு அதன் மதிப்பும் தெரியும்.

சாண்டர்ஸின் கணக்கு

திட்டங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் சாண்டர்ஸ் வெகுதூரம் முன்னே நின்றார். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற அவருடைய திட்டத்தில் கருக்கலைப்பும் அடங்கும். ஹைட் திருத்தம் அங்கே செல்லாக்காசாகிவிடும். வேலை போனால் காப்பீடும் போய்விடும் என்பதால் கொடுமைக்கார மேலாளரைச் சகித்துக்கொள்ளும் பெண்ணுக்கும், கணவனின் காப்பீட்டை நம்பி அவனைச் சகித்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அது விடுதலைப் பத்திரம். பிப்ரவரி இறுதியில் குழந்தைப் பராமரிப்புக்காகப் பத்தாண்டுகளில் ஒன்றரை லட்சம் கோடி டாலர் செலவிடும் திட்டத்தை வெளியிட்டார். பிறந்த குழந்தை முதல் மூன்று வயது வரை எல்லாருக்கும் இலவசம்.

ஆனால் அவருடைய இயக்கத்தில் பெண்களின் இடம் என்ன? 2016 பிரசாரக் குழுவில் பணியாற்றிய பெண்கள் பாலியல் தொந்தரவு பற்றியும் ஊதியப் பாகுபாடு பற்றியும் பேசியபோது, நாடு முழுக்கப் பிரசாரத்தில் அலைந்துகொண்டிருந்ததால் தெரியவில்லை என்ற தொனியில் முதலில் பதிலளித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2017இல் ஓமஹா நகர மேயர் தேர்தலில், கருக்கலைப்புக்கு எதிரான சட்டங்களை ஆதரித்திருந்த ஒரு வேட்பாளருக்காக மேடையேறினார். வர்க்கப் பிரச்சினை முதலில், மற்றவை அதன்பின் தாமாகச் சரியாகும் என்ற பழைய இடதுசாரி வரிசையை அவர் முழுதாகக் கைவிட்டதில்லை. அந்த வரிசையில் நின்று காத்திருந்த அனுபவம் உலகெங்கும் தோழர்களோடு வேலைசெய்த பெண்களுக்கு உண்டு.

நெவாடாவில் நடந்தது இந்த முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. லாஸ் வேகஸ் விடுதிகளில் அறை துப்புரவும் சமையலும் செய்பவர்களின் கலினரி தொழிற்சங்கத்தில் சுமார் 60,000 உறுப்பினர்கள். பாதிக்கு மேல் பெண்கள். போராடிப் பெற்ற நல்ல மருத்துவக் காப்பீடு அவர்களிடம் இருந்தது. சாண்டர்ஸின் திட்டம் அதை ஒழித்துவிடும் என்று சங்கத் தலைமை எச்சரித்தது. உடனே அந்தத் தலைமையில் இருந்த பெண்கள் மீது சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் எனச் சொல்லிக்கொண்டவர்கள் இணையத்தில் வசை பொழிந்தார்கள். ஆனால் பிப்ரவரி 22 அன்று அந்த விடுதிகளிலேயே நடந்த வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் பலரும் சாண்டர்ஸையே தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த பெண்கள் தலைமையின் பேச்சையும் கேட்கவில்லை, வசைக்கும் பணியவில்லை. தங்கள் வீட்டில் காப்பீடு இல்லாத மற்றவர்களின் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

தென் கரோலினாவின் பெண்கள்

ஒரு வாரம் கழித்து தென் கரோலினாவில் பைடன் பெருவெற்றி பெற்றார். அங்கே வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். மாநிலத்தின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் மூன்று நாள் முன்பு அளித்த ஆதரவே திருப்பம் என்று எழுதப்பட்டது. தேவாலயத்தில் ஓர் இறுதிச் சடங்கின்போது ஒரு மூதாட்டி தன்னை அருகில் அழைத்து, யாருக்கு வாக்களிக்கப்போகிறாய் என்று காதோடு கேட்டதே தன்னைப் பேசவைத்தது என்று கிளைபர்னே சொல்லியிருக்கிறார்.

அந்த மூதாட்டியின் தலைமுறையை, பழமைவாதிகள், திட்டங்களைப் படிக்காதவர்கள் என்று முற்போக்காளர் சிலர் எள்ளினர். அதை ஒப்புக்கொள்ள முடியாது. வெள்ளையர்களின் மனம் எந்த அளவுக்கு மாறும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள். டிரம்ப் மீண்டும் வந்தால் முதல் அடி யார் மேல் விழும் என்பதும் தெரியும். வசதியான புறநகர்ப் பெண் ‘பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கமாட்டார்’ என்று யூகிப்பதும், பக்கத்து வீட்டுக்காரரின் வன்மத்தைப் பட்டு அறிந்தவள் எச்சரிக்கையாக இருப்பதும் ஒன்றல்ல. வெற்றிவாய்ப்பு என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. நம் விமர்சனம் முதலாவதற்கு உரியது.

இடமும் திட்டமும்

மார்ச் 15 அன்று, கொரோனா காரணமாகப் பார்வையாளர்கள் இல்லாத அரங்கில் இருவரும் விவாதித்தார்கள். துணை அதிபர் வேட்பாளராக ஒரு பெண்ணையே நியமிப்பேன் என்று பைடன் உறுதியளித்தார். அநேகமாகத் தானும் அப்படியே செய்வேன், ஆனால் அவர் முற்போக்கானவராகவும் இருக்கவேண்டும் என்றார் சாண்டர்ஸ். பைடன் இடம் தருகிறார், சாண்டர்ஸ் திட்டம் தருகிறார். பெண்களுக்கு இரண்டும் வேண்டும். 1972இல் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஷெர்லி சிஷோமிடம் இரண்டும் ஒன்றாக இருந்தன. அவர் முதல் கறுப்பினப் பெண் நாடாளுமன்ற உறுப்பினர். அரசு நிதியில் குழந்தைப் பராமரிப்பு வேண்டும் என்று 1971இலேயே போராடினார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் நிக்சன் தடுத்தார். வீட்டுவேலை செய்யும் பெண்களைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள் கொண்டுவர உழைத்தார். 152 பேராளர்களின் வாக்கோடு சிஷோம் தோற்றார். வெல்ல முடியாதவர் என்று அன்றும் சொன்னார்கள்.

இருவரில் யார் என்று கேட்டால், உட்கட்சித் தேர்தலில் என் தேர்வு சாண்டர்ஸ். காரணம் எளியது. உட்கட்சித் தேர்தல் என்பது நம் விலையைச் சொல்லும் இடம். அதன்பின் பொதுத் தேர்தலிலும் செனட்டிலும் பேரம் நடக்கும், குறைப்பார்கள். பேரம் தொடங்கும் முன் நாமே குறைத்துச் சொன்னால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்?

பின்னால் நடந்தவை இதைச் சோதித்துப் பார்க்க உதவும். பைடன் இடத்தைத் தந்தார்: கமலா ஹாரிஸ் துணை அதிபரானார், கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் 2022இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியானார். திட்டம் பாதியில் நின்றது. குழந்தைப் பராமரிப்புச் செலவு குடும்ப வருமானத்தில் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2019இல் வாரன் முன்வைத்த அளவு, 2021இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவில் இடம்பெற்றது. செனட்டில் சொந்தக் கட்சியின் ஜோ மன்சின் மறுத்ததால் விழுந்தது. விரிவாக்கப்பட்ட குழந்தை வரிச்சலுகை 2021 முடிவில் காலாவதியானது. அந்த ஆண்டு 5.2 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை, அடுத்த ஆண்டு 12.4 சதவீதமாயிற்று. சாண்டர்ஸ் அதிபராகியிருந்தாலும் அதே செனட்தான் இருந்திருக்கும் என்பது உண்மை. ஆகவே ஒரு நல்ல அதிபர் போதும் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமையை நீக்கிய ஐந்து நீதிபதிகளில் கிளாரன்ஸ் தாமஸும் ஒருவர். 1991இல் ஒரு பெண்ணின் சாட்சியை எடைபோடத் தவறியதன் விலையை, அன்று பிறந்தே இராத பெண்கள் செலுத்துகிறார்கள்.

நம் பக்கம் ஒரு சொல். கமலாவின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண், மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர். தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் 2020இல் கோலம் போட்டுக் கொண்டாடியது. அந்த மகிழ்ச்சியை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் கலிபோர்னியாவில் அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம், பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் பெற்றோரைச் சிறைக்கும் அனுப்பலாம் என்றது. அதில் சிக்கியவர்களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஏழைத் தாய்மார்கள் உண்டு. நம்மூர்ப் பெண் என்பதும், பெண் என்பதும்கூட, எடைபோடுவதிலிருந்து யாருக்கும் விலக்குத் தராது. 2024இல் அவர் டிரம்பிடம் தோற்றதும், பெண்ணால் வெல்ல முடியாது என்ற பேச்சு மீண்டும் கிளம்பியது. அடுத்த உட்கட்சித் தேர்தலில் அதுவே முதல் கேள்வியாக இருக்கும்.

அப்போது யார் மிஞ்சினாலும் கேட்கவேண்டியவை இவை: கருக்கலைப்புக்கு ஏழைப் பெண்ணுக்குப் பணம் உண்டா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கூலி எவ்வளவு, புகார் சொல்லும் பெண்ணுக்குக் காது கொடுத்தாரா, விலகிப்போன பெண்களின் திட்டங்களில் எதைக் கையில் எடுத்தார். இதற்கெல்லாம் பதில் வாங்கிய பிறகு, ஜெயிப்பாரா என்று கேட்கலாம்.